ஊதா வெளுத்த சுண்ணாம்பு மணிகள்

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரர் அப்துல் மக்சூதுக்கு, தஹப் கடற்கரையிலிருந்து ஸனிய்யா எழுதுவது. ஸலாம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? என் உடம்புக்குக் குறைவில்லை.

நான் சமைக்கும் இந்த முக்குளிப்புக் கடையில் முகம் முழுக்க மூடும் கவசம் போட்டு இறங்கும் ஒரே பெண் நம் பேத்தி ரவ்யாதான். அவள் விடும் மூச்சை, முதுகுக் கருவியிலுள்ள சுண்ணாம்பு மணிகள் சுத்தம் செய்து திருப்பித் தரும். தீர்ந்த மணி ஊதாவாகிவிடும்.

நேற்று மாலை ஊதாவாக இருந்த மணிகள் இன்று காலை வெள்ளையாக இருந்தன. புது மணி டப்பாவோ திறக்கப்படவே இல்லை. முதலாளி ஹம்தியைக் கேட்டேன்.

"வெள்ளையா இருந்தா நல்லதுதான் பாட்டி. நீங்க போய் அவரையைக் கிண்டுங்க."

"நேத்து ஊதாவா இருந்துச்சே! சோப்புப் போட்டு வெளுத்தியா?"

சிரித்துக்கொண்டே வந்த ரவ்யாவின் முகம் மாறியது. "தீர்ந்த மணி சும்மா கிடந்தாலே வெளுத்துடும் பாட்டி. இதோட இறங்கியிருந்தா கீழேயே மயங்கியிருப்பேன்."

பயப்படாதீர்கள், புது மணி நிரப்பித்தான் இறங்கினாள். மணி மாற்ற மறந்துவிட்டதாக ஹம்தி சத்தியம் செய்கிறான். நான் நம்பவில்லை.

காய்ந்த முலூகியாக் கீரை அனுப்புங்கள். கடிதம் நாலு வரிக்கு மேல் எழுதுங்கள். டப்பா அறைச் சாவி இப்போது என் இடுப்பில்தான் இருக்கிறது. ஹம்தி கூப்பிடுகிறான், திறந்துவிட்டு, அவன் புது மணி நிரப்பும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

உங்கள் ஸனிய்யா