துட்டி வீட்டில் அணைத்த நெருப்பு

வைகாசி 6, செவ்வாய்

காலையிலிருந்தே வெக்கை. ஆற்றுப் பக்கமிருந்துகூடக் காற்று இல்லை. சிலிண்டர் மாற்றினேன். வீட்டுக்காரர் இருந்தவரை மாற்றிய தேதியை மட்டும் இந்த நோட்டில் எழுதுவார். இனி நான். ஐந்தாம் வகுப்பு எழுத்து. யார் பார்க்கப் போகிறார்கள்.

அவர் போய் இன்று பத்தொன்பதாம் நாள்.

அவர் செய்வது போலவே செய்தேன். நாங்கள் குடியிருந்த வண்டிக்கு அடியில் செங்கல் சரி. கேஸ் ஃபிரிட்ஜ் மேல் டம்ளர் தண்ணீர், சாய்வில்லை. வண்டி சாய்ந்தால் நெருப்பு எரிந்தாலும் குளிராது. பின்பக்கம் மண்ணில் குப்புறப் படுத்து மூடியைத் திறந்து பார்த்தேன். நீலமாக எரிகிறது. நெருப்பு வைத்துக் குளிர வைக்கிற பெட்டி என்றால், மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த புதிதில் நான் நம்பவில்லை.

தோப்புக்கார அண்ணாச்சி சுற்றுலா ஆட்களுக்கென்று வாங்கிப் போட்ட, சக்கரம் வைத்த வண்டிவீடு இது. ஆள் வரவில்லை. காவலுக்கு நாங்கள் வந்தோம். கரண்ட் கிடையாது. எல்லாம் கேஸ்தான்.

உள்ளே பால் பாக்கெட் ஒன்று. தோசை மாவு. பாக்கியம் அக்காவின் சர்க்கரை ஊசி மருந்து, இரண்டு குப்பி. அக்கா பக்கத்து வாழைத் தோட்டத்துக் குடிசை. திறந்த குப்பியை அங்கே ஈரமணல் பானையில் வைத்துக்கொள்வாள். மீதி இங்கே. இந்தப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் இது ஒன்றுதான்.

மருந்து டப்பாவை நேராகப் பார்க்க மனசு வரவில்லை. பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

வைகாசி 7, புதன்

அக்கா வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த கதை.

"சுகர் நானூறுல நிக்காம்ட்டி. நர்சம்மா என்னைக் கள்ளியப் பாக்க மாதிரி பாக்கா. 'மாம்பழம் தின்னீங்களா'ங்கா. தின்னா ஒத்துக்கிட மாட்டனா? ஒரு முழுப்பழம் தின்னு ரெண்டு வருசமாச்சு."

போன வாரம் இங்கிருந்து எடுத்துப்போன குப்பி. அதைத்தான் போடுகிறாள்.

"ராத்திரிச் சோத்தையும் நிறுத்திட்டேன். தண்ணி தண்ணியாக் குடிக்கேன். கண்ணு வேற மங்கலா இருக்கு."

"வெயிலுக்கா இருக்கும் யக்கா" என்றேன். சொல்லும்போது வாய் கூசவில்லை. இப்போது கூசுகிறது.

கொண்டுவந்த இட்லியில் இரண்டோடு கை கழுவிவிட்டாள். எனக்கு நாலு வைத்தாள்.

வைகாசி 8, வியாழன்

எழுதித் தொலைக்கிறேன்.

அவர் போன அன்றைக்கு உடம்பை வெளியே கிடத்தியிருந்தார்கள். பின்பக்கம் கை கழுவப் போன மதினி, அவருடைய அக்கா, சத்தம் போட்டாள். "ஏட்டி மாரி, துட்டி வீட்டுல நெருப்பு எரியுது! மூணு நாளைக்கு அடுப்பே பத்த வைக்கக் கூடாது, இங்கன என்னன்னா தீ நிக்காம எரியுது!"

அது ஃபிரிட்ஜு மதினி என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானே போய்த் திருகி அணைத்தேன். அப்போது மருந்து நினைப்பு இல்லை. மறுநாள் வந்தது. வந்தும் வாயைத் திறக்கவில்லை. புருசன் சாம்பல் ஆறுமுன் நெருப்பு மூட்டப் போகிறாள் என்பார்களே.

நான்காம் நாள் திறந்தேன். தகர வண்டி, கத்திரி வெயில். உள்ளே அடுப்படி மாதிரிச் சூடு. ஐஸ் உருகி டப்பா நனைந்து கிடந்தது. முந்தானையால் துடைத்தேன். காய வைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். நெருப்பைப் பற்ற வைத்தேன். சாயந்திரம் ஜில்லென்று ஆகிவிட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அந்த மூன்று நாளும் தூக்குவாளியில் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தது பாக்கியம் அக்கா.

வைகாசி 9, வெள்ளி

போனேன். அக்கா வயிற்றில் ஊசி போடப் போகிற நேரம்.

"போடாத யக்கா."

எல்லாம் சொன்னேன். துடைத்து வைத்ததையும்.

ஊசி மூடியைக் கொஞ்ச நேரம் தேடினாள். கையில்தான் இருந்தது.

"தீய அணைச்சத நான் குத்தம் சொல்லல. புருசன் செத்துக் கெடக்கையில யாருக்குட்டி புத்தி நிக்கும். கஞ்சி கொண்டாந்தேன்லா? அப்ப சொல்லிருக்கலாம்லா."

பிறகு மெதுவாக, "தொடச்சு வச்சிருக்கியே."

ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

வைகாசி 10, சனி

இரண்டு பேரும் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் இடம் இருந்தும் அக்கா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

நர்சம்மாவிடம் நானே சொன்னேன். வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெக்கையில கெட்டத போட்டா தண்ணியப் போட்ட மாதிரிதாம்மா" என்றாள். அக்காவிடம், "நான் உங்களல்லா ஏசிட்டேன்" என்றாள். அக்கா சிரித்தாள். என் பக்கம் இல்லை.

புதுக் குப்பி கொடுத்தார்கள். வந்ததும் அக்கா நேரே வண்டிக்குப் பின்பக்கம் போனாள். முட்டுவலியோடு மண்ணில் குப்புறப் படுத்து நெருப்பைப் பார்த்தாள். அவர் படுக்கிற அதே இடம். எழுந்துவந்து மருந்தை உள்ளே வைத்தாள்.

"தெனம் நாந்தான் வந்து பாப்பேன்."

"சரிக்கா."

வைகாசி 11, ஞாயிறு

மேகம். மழை இல்லை. டம்ளர் தண்ணீர் சரி.

அக்கா வந்தாள். காப்பி போடவா என்று கேட்டேன். படுத்துப் பார்த்தாள். சேலை மண்ணைத் தட்டினாள். போய்விட்டாள்.

சாயந்திரமும் வந்தாள். நெருப்பை மட்டும் பார்த்தாள்.