கடைசிக் கை மண்

1936 செப்டம்பர் 1, செவ்வாய்
கோம்பைச் சந்தையில் இன்று கன்றுக்குட்டி உயர நாய் ஒன்று என்னைக் கண்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிற்று. அது கிடக்கட்டும். என் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் சேக் தாவூதும் மலைச்சாமியும் அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். எதற்கு நிறுத்த வேண்டும்?

தண்ணீர் விஷயமாகத்தான் இருக்கும். வாய்க்கால் வற்றுகிறது. மேல்மடையை அடைத்தால்தான் கடைமடைக்கு எட்டும். மேல்மடை வயல் என்னுடையது. அடைத்தால் என் பயிர் வாடும். கடைமடை வயல் என் தங்கை பூமாரியுடையது. புருஷன் இல்லாதவள். கதிர் பால் பிடிக்கிற நேரம். போன வருஷம் அடைக்க வேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். அவள் நெல் பதராய்ப் போயிற்று.

செப்டம்பர் 3
மடை அடைக்க ஒன்பது வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு கை மண் வைக்க வேண்டும். சம்மதமில்லாதவர் கையைக் கட்டிக்கொள்ளலாம். ஒரு கை குறைந்தாலும் அடைக்கக் கூடாது. முதல் கை என்னுடையது. பதினாறு வருஷமாக நான் வைத்தால் எல்லாரும் வைப்பார்கள், நான் கட்டினால் எல்லாரும் கட்டுவார்கள். ஒரு சச்சரவு கிடையாது! வெள்ளைக்கார இன்ஜினியர் கேள்விப்பட்டு என் தோளைத் தட்டினார். இரண்டு தோளையும்.

இன்று சேக் தாவூது வந்தார்.

"மாமா, இந்தத் தடவ நீங்க கடைசியா வைங்க."

"ஏன்யா?"

"சும்மாதான்."

சும்மாவா! இரண்டு தரம் யோசிக்காமல் வெற்றிலைகூடப் போடாத மனுஷன் சும்மா சொல்வாரா?

செப்டம்பர் 4
தலைமையைப் பிடுங்கத்தான் பார்க்கிறார்கள். பூமாரிகூட முகம் கொடுக்காமல் போகிறாள் — அவளும் கூட்டா?

செப்டம்பர் 6, ஞாயிறு
மடையில் கூடினோம். நான் பின்னால் நின்றேன். என்ன பேச்சு, என்ன பேச்சு! மடைக் கூட்டத்தில் ஊமையாகவே நிற்கும் மலைச்சாமி கத்துகிறான்: "மேல்மடைப் பயிரு பத்து நா தாங்கும். கடைமட நாலு நா தாங்காது!"

"மூணே நாதான்லே," என்றான் பக்கத்து வயல் ஒச்சாண்டி.

கடைசியில் எட்டுக் கை மண் விழுந்தது. எல்லாரும் என் கையையே பார்த்தார்கள்.

"ஏலே மலைச்சாமி, போன வருசமே இதச் சொல்ல வேண்டியதுதான?" என்றேன்.

"நீங்க மொத ஆளா கையக் கட்டிக்கிட்டு நின்னீக. அப்புறம் எவன் வாயத் தொறப்பான்? இந்தா நிக்கிறாகளே உங்க தங்கச்சி, அவுகளே கையக் கட்டிக்கிட்டாக."

பூமாரி தரையைப் பார்த்தாள்.

அவளுமா கட்டினாள்? நான் கவனிக்கவில்லையே. அதையா நான் சம்மதமென்று நினைத்தேன்? அதையா இத்தனை வருஷமும்?

குனிந்து மண் அள்ளினேன். என் கை பெரிய கை, மூன்று ஆள் மண் பிடிக்கும். வைத்தேன்.

செப்டம்பர் 16
என் வரப்போரம் கொஞ்சம் மஞ்சள். பூமாரி வயலில் கதிர் தலை சாய்கிறது. யோசனை முழுக்க என்னுடையது என்று சந்தையில் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 3, செவ்வாய்
அடுத்த போகத்துக்கு மடையில் கூட்டம். தண்ணீர் தாராளம், பேச ஒன்றுமில்லை, "எப்பவும்போல நீங்களே தொடங்குங்க மாமா," என்றார் சேக் தாவூது.

"மொதல்ல பூமாரி சொல்லட்டும், நான் கேட்டுக்கிறேன்," என்று உட்கார்ந்துகொண்டேன்.

மலைச்சாமி சேக் தாவூதின் காதைக் கடித்தது எனக்குக் கேட்டது: "மாமா என்னமோ திட்டம் வச்சிருக்காகப்பா."