காய்ச்சல் என்று சொன்னோம்

சுங்கை பினாங்,
14.8.1993

அன்பு மகள் லெட்சுமிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உன் மாமியாரும் பெர்த்தில் சுகமாக இருக்கத் தண்ணீர்மலையானை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரியில் எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை அதற்குக் கை வரவில்லை. அப்பாவைப் பற்றிப் போனில் நான் சொன்னது பாதிதான். மீதியைச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் உன் மாமியார் காதில் விழும் என்று பயந்துதான் எழுதுகிறேன். அறையில் தனியாக உட்கார்ந்து படி.

மே மாதம் அப்பாவோடு மல்லுக்கட்டி டாக்டர் இப்ராஹிமிடம் கூட்டிப் போனேன். பெர்ரிக் கப்பல் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த இரண்டு வருஷத்தில் பிரஷர் ஏறியிருந்தது, ரத்தத்தில் கொழுப்பும் இருந்தது. டாக்டர் ஓர் அட்டையை எடுத்து வைத்தார், பச்சை மஞ்சள் சிவப்பு என்று கட்டம் கட்டமாக இருந்தது. வயது ஐம்பத்தேழு, சிகரெட் உண்டு, பிரஷர் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று விரலை நகர்த்திக்கொண்டே போய் ஒரு மஞ்சள் கட்டத்தில் நிறுத்தினார். உங்கள மாதிரி நூறு பேர எடுத்துக்கிட்டா பத்து வருஷத்துல பதினெட்டு பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் என்றார். அதோடு விட்டாரா, குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல நெஞ்சுவலி வந்து போயிருக்காங்களா, அது இந்த அட்டையில கிடையாது, இருந்தா நான் தனியா சேத்துக்கணும், மருந்தும் இன்னைக்கே ஆரம்பிக்கணும் என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, அப்படி யாரும் இல்ல டாக்டர், எல்லாம் வயசாகிப் போனவங்கதான் என்று சொல்லிவிட்டேன். அப்பா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்ப சிகரெட்ட விடுங்க, ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் உங்கப்பா, மிச்சம் எண்பத்திரண்டு பேரு இருக்காங்கள்ல, நான் அந்தப் பக்கம் லா என்று சிரித்துக்கொண்டே ஒன்றைப் பற்ற வைத்தார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா. அப்பாவைப் பெற்ற உன் தாத்தா அய்யாக்கண்ணு துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார். உன் சித்தப்பா நல்லமுத்து ராத்திரி படுத்தவர் விடிந்து எழுந்திருக்கவில்லை, அதுவும் நெஞ்சுதான். நீ அப்போது ஃபார்ம் ஃபைவ் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய், உன்னிடமும் காய்ச்சல் என்றுதான் சொன்னேன். சீக்குக் குடும்பம் என்று பெயர் வந்துவிட்டால் எவன் பெண் எடுப்பான்? உன் மாமியார் பெண் பார்க்க வந்தபோது இரண்டு பேரும் எப்படிப் போனார்கள் என்று கேட்டார், காய்ச்சல் என்று சொன்னோம். இப்போது உன் தங்கை குணவதியைக் கேட்டுப் பட்டர்வொர்த்தில் இருந்து வந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே காய்ச்சல்தான். சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது, டாக்டர் யார் பெண் கேட்டு வந்தவர் யார் என்றுகூடப் பார்க்காமல் பொய் வந்துவிட்டது. பாழாய்ப்போன வாய்.

ஒன்பதே வாரம். ஜெலுத்தோங் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்த மனுஷன் பையோடு அப்படியே சரிந்துவிட்டார். வலது கை வலது கால் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. டாக்டரிடம் போய் அழுது உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே மருந்து குடுத்திருப்பேன், குடுத்தாலும் வந்திருக்கலாம்மா, யாராலயும் உறுதியா சொல்ல முடியாது என்றார். திட்டியிருந்தால் தேவலை. கஞ்சி ஊட்டும்போது அப்பா என்னைப் பார்க்கிறார், அன்றைக்கு டாக்டர் முன்னால் பார்த்த அதே பார்வை. என்னால் தாங்க முடியவில்லை லெட்சுமி.

உனக்குப் பிரஷர் நூற்றைம்பது, அந்த ஊர் டாக்டர் முழுச் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அவரும் ஓர் அட்டையை எடுத்து வைத்து இதே கேள்வியைக் கேட்பார். உனக்குத் தெரியாது, நீயும் இல்லை என்றுதான் சொல்வாய். அந்தப் பொய் இனி வேண்டாம். போன வாரம் வெள்ளிக்கிழமை நானே பெர்ரி ஏறிப் போய்ப் பட்டர்வொர்த்காரர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் தகவல் இல்லை. குணவதி என்னோடு பேசுவதில்லை.

தனியாகப் படி என்று மேலே எழுதினேன், அதை விட்டுவிடு. மாப்பிள்ளையிடம் காட்டு, உன் மாமியாருக்கும் படித்துக் காட்டு. ஏசினால் என்னை ஏசட்டும், எனக்கு வேண்டியதுதான். சமையலில் உப்பைக் குறை, சோதனையைத் தள்ளிப் போடாதே. இதைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் நீட்டு:

தாத்தா 49
சித்தப்பா 43
57

கடைசி வரி நான் எழுதியது அல்ல. கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், சித்தப்பா வயதைப் படித்ததும் இடது கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார். கோணலாக இருக்கிறதே என்று நினைக்காதே, அது எழுத அவருக்கு வெகு நேரம் ஆனது.

நீ நூறு வயது இருக்க வேண்டும் என் கண்ணே. டாக்டரைப் பார்த்த அன்றைக்கே எழுது.

உன் அம்மா
அஞ்சலை