உள்ளே வெறும் காற்று

மார்ச் 4
உடற்பயிற்சிக் கூடத்தில் இன்று நாற்பது கிலோ! பயிற்சியாளர் தட்டுகளை மாட்டிவிட்டு, "முதுகு வளையாம தூக்குங்க மேடம்" என்றார். தூக்கிவிட்டேன். முன்பு குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தவள் நான்; இப்போது ஐம்பத்து மூன்று வயதில் நாற்பது கிலோ. வீட்டுக்காரரிடம் சொன்னதும் கைதட்டினார். மகளுக்கும் அவரே போன் போட்டுப் பெருமையடித்தார்.

மார்ச் 11
வேலை பார்க்கும் கடையில் திரைச்சீலைச் சுருளை இறக்க முடியாமல் திணறினேன். நாற்பது கிலோ தூக்குகிற ஆளாச்சே என்று முதலாளியம்மா கேலி செய்தார். அசதியாக இருக்கும்.

மார்ச் 20
எலும்பு டாக்டரிடம் போனேன். ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி இன்னும் குறைந்திருக்கிறது. ஒரு வருடமாக எடை தூக்குகிறேனே என்றேன். பொறுமையாக விளக்கினார். சுமை ஏறும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறதாம். உள்ளிருக்கும் உயிரணுக்கள் அதை உணர்ந்து புது எலும்பைக் கட்டுமாம். தசையும் அப்படித்தான். பழகிப்போன சுமையை உடம்பு சட்டை செய்யாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

"ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி. இருந்தாலும் நீங்க சொல்ற எடைக்கு, இவ்வளவு இறங்கியிருக்கக் கூடாதே" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் என் எலும்பின் மேல்தான் கோபம்.

மார்ச் 22
எழுத்து கோணல்மாணலாக வருகிறது. வரட்டும்.

கூடத்துக்கு வரும் தபால் ஆபீஸ்காரி என் தட்டுகளை இரவல் கேட்டாள். ஒற்றைக் கையால் எடுத்தவள் அப்படியே நின்றாள். "அக்கா, இது புதுசா வர்றவங்களுக்குப் பழக்கிவிடுற தட்டு. உள்ள வெறும் காத்து."

கம்பியும் இலேசு ரகமாம். எடை எண் உள்ள பக்கத்தைப் பயிற்சியாளர் எப்போதும் உட்புறமாகவே மாட்டியிருக்கிறார். அவரையே கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சார்தான் அப்படிச் சொன்னாரு மேடம். உங்களுக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்தாரு."

சார். எந்தச் சார்? என் வீட்டுச் சார்.

கைதட்டினாரே — அந்தக் கைதட்டலை என்ன செய்வது?

மார்ச் 23
கேட்டுவிட்டேன். மறுக்கவில்லை. எல்லாம் என் நல்லதுக்குத்தானாம். இன்னொரு தரம் உடைந்தால் தாங்குவேனா என்று பயமாம். "ஏதோ ஆசைப்பட்டுப் போற, சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

ஆசையா? பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது மாதிரியா?

"உடையக் கூடாதுன்னுதாங்க தூக்கவே போனேன்" என்றேன்.

மகளுக்கும் தெரியுமாம். கோபத்தைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்கிறது. எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன்! ஒரு வருடம் போச்சே. என் எலும்பிலிருந்தல்லவா போச்சு.

மார்ச் 24
அந்தக் கூடத்துக்கு இனி போவதில்லை.

ஏப்ரல் 6
தபால் ஆபீஸ்காரி வேறொரு கூடத்துக்குக் கூட்டிப்போனாள். வெறும் கம்பியே மலையாய்க் கனத்தது. இரண்டாம் தடவை முழங்கால்வரைகூட வரவில்லை. மூச்சிரைக்க உட்கார்ந்து அழுதேன். யாரும் கைதட்டவில்லை. அது நிம்மதியாக இருந்தது.

ஜூலை 15
கம்பியின் இருபுறமும் ஐந்தைந்து கிலோ. நானே மாட்டினேன். மாட்டும் முன் ஒவ்வொன்றையும் கையில் எடை பார்த்துக்கொண்டேன். இந்தச் சந்தேகம் எப்போது போகுமோ.

மகள் மன்னிப்புக் கேட்டாள். சரி என்றேன். அவர் இன்னும் 'நல்லதுக்குத்தானே' என்றுதான் சொல்கிறார்.

அடுத்த வருடம், ஏப்ரல் 12
அடர்த்தி கொஞ்சம் ஏறியிருக்கிறது. மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து வேலை செய்வதாக டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் தபால் ஆபீஸ்காரிக்குப் போன் செய்தேன். இருவரும் மாறி மாறிச் சிரித்தோம்.

வீட்டில் அவர் டீ போட்டு வைத்திருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"நல்லா இருக்காம்."

"சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேனே."

"பரவாயில்லை. நான் தனியாவே போயிட்டு வந்துக்கிறேன்."

டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். தொட்டுப் பார்த்துவிட்டுக் குடித்தேன். சூடு சரியாகத்தான் இருந்தது.