மிராசுதாரின் தொண்டைக்குப் போட்ட கணக்கு

தோளில் துண்டில்லாமல் நான் பார்த்தேயிராத என் அப்பாவுக்கு,

நம்ம குத்தகை வழக்கு இன்னும் முடியவில்லை. ஆட்சி மாறிவிட்டது, மிராசுதார் மாறவில்லை.

இன்னொரு சேதி, எங்க ஆஸ்பத்திரிக்குப் புதுக் கணக்குமுறை வந்திருக்கிறது. புற்றுநோய்க் கட்டிக்குக் கதிர்வீச்சு எந்தத் திசையிலிருந்து எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுவேனே, ஞாபகம் இருக்கா? கட்டி கருகணும், தண்டுவடமும் குரல்வளையும் தப்பணும். அப்போதெல்லாம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆயிரக்கணக்கான சின்னக் கதிர்களை முதலிலிருந்து கூட்டிக் கழிக்கும். சரியாக அமைய நாள்கணக்கில் ஆகும். இப்போது முக்கியமான கதிர்களை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டு, டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறது.

உங்களுக்கு அந்த நாள்கள்தான் கிடைக்கவில்லை. உங்க தொண்டைக் கட்டிக்குத் திட்டம் தயாராகும்வரை இங்கேயே படுத்திருங்க என்று கெஞ்சினேன். "நான் வயல்ல நிக்கலைன்னா, தரிசாப் போட்டுட்டான்னு அந்தாளு ஏரை எறக்கிருவான். நடவு முடிச்சுட்டு வரேம்மா" என்று திருக்காட்டுப்பள்ளி பஸ் ஏறினீங்க. திரும்பி வந்தபோது இளைத்துப்போயிருந்தீங்க; கதிர் வைக்கும்போது தலை அசையாமலிருக்க முகத்துக்கு அளவெடுத்த மாஸ்க் லொடலொடத்தது. மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு. அது முடிந்தபோது உங்களுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. வயலில் நாற்று பச்சை பிடித்திருந்தது.

புதுக் கணக்கில் நான் திட்டம் போட்ட முதல் ஆள் யார் தெரியுமா? மிராசுதார். அவருக்கும் தொண்டைதான்.

"எத்தன நாளாகும்மா?"

"இன்னைக்கே போட்டுடலாங்கய்யா."

"உங்கப்பனுக்குக் கொடுத்து வைக்கல" என்று சிரித்தார்.

குரல்வளையில் பொட்டுக்கூடக் கூடுதலாகப் படாமல் போட்டுக் கொடுத்தேன். குரல் கணீரென்று திரும்பியது. அந்தக் குரலில்தான் கோர்ட்டில் சாட்சி சொன்னார்: "அந்தப் பொண்ணு டவுன்ல உத்தியோகம் பாக்குதுங்க. வயல்ல ஒருநாளும் எறங்குனதில்ல." நீங்க போன பிறகு, இறங்கி உழைக்கும் வாரிசுக்குத்தானே குத்தகை உரிமை? இந்த நடவில் நான் சேற்றில் நிற்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நேற்று மிராசுதார் மறுபடி வந்தார். கழுத்தின் மறுபக்கம் கட்டி. அவசரம்தான். கணக்கு என்னவோ டீ ஆறுவதற்குள் முடியும், ஆனால் அதைப் போட இங்கே நான் ஒருத்திதான். அவர் மகன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நடவு முடிச்சுட்டு வரேங்க" என்றேன்.

கிழவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு இனித்தது, அப்பா. இதைக் கேட்டு என்னைத் திட்டுவீங்களா, சிரிப்பீங்களா?

வரப்பை விட மாட்டேன். அவருக்கும் கணக்குப் போடுவேன், ஒரு பிசகும் இல்லாமல். கடைசி நாற்றுமுடி தீர்ந்த பிறகு.

முழங்கால் சேற்றில்,
உங்க மகள்