ஆறாம் இலக்கச் சோயா

1989 ஜூன் 14
பல்லேகமவில் எங்கள் விவசாய அலுவலகத்துக்காகச் சோயா பயிரிட்டுப் பார்க்கும் கமக்காரர் யஹ்யாவின் காணிக்குப் போய் வந்தேன். ஆறு வகைச் சோயாவும் பூத்திருக்கின்றன. எல்லாம் சாப்பாட்டுக்கான வகைகள். பெரிய விதை, பச்சை வாடை குறைவு. போன போகத்து ஆறாம் இலக்கத்தில் அவர் மனைவி நூருன்னிஸா பால் எடுத்துத் தந்தார். "இதுன்னா புள்ளைகளும் குடிக்கும் மிஸ்." மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

ஜூலை 27
அரசாங்க வேலைக்குப் போனால் மரணம் என்று கிளர்ச்சிக்காரர்கள் அலுவிகாரைச் சந்தியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பஸ் இல்லை.

ஆகஸ்ட் 9
காய்கள் முற்றியிருக்கும். பிந்தினால் வெடித்துக் கொட்டிவிடும். எங்கள் மேலதிகாரி தர்மராஜா, "இந்த முறை முடிவு இல்லையெண்டா திட்டத்தையே மூடிப்போடுவாங்கள்" என்கிறார். யஹ்யாவுக்குக் கடிதம் எழுதி மரக்கறி லொறிக்காரரிடம் கொடுத்தேன்: எந்த நாளில் வெட்டுவது, எப்படிக் கலக்காமல் கட்டுவது. அலுவலகத் தாளில், முத்திரையோடு. அப்போதுதான் கவனமாகச் செய்வார்.

ஆகஸ்ட் 16
பதில் வந்தது. "நா பாத்துக்குறேன். நீங்க ரோட்டுல வராதீங்க மிஸ்."

ஆகஸ்ட் 21
யஹ்யாவைச் சுட்டுவிட்டார்கள்.
ஆறு சாக்கும் கட்டி முடித்த மதியமாம். சட்டைப்பையில் என் கடிதம் இருந்ததாம். 'அரசாங்கத்தின் ஆள்' என்று எழுதி உடம்பின் மேல் வைத்துவிட்டுப் போனார்களாம். லொறிக்காரர் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.
முத்திரை என்னத்துக்குக் குத்தினேன்? வீட்டுல வெறுந்தாள் இல்லையா? போனாப் போகட்டும், கொட்டினாக் கொட்டட்டும்னு ஒரு வரி — ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாமே.

ஒக்டோபர் 3
பஸ் ஓடுகிறது. போனேன். கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தாவில் நூருன்னிஸா இருப்பதால் வெளியே வரவில்லை. அவருடைய அண்ணன் பாறூக் சாக்குகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு விதைகூடக் கலக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்: "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. ஒன்னும் இங்க வேணாம்."

1990 பெப்ரவரி 20
ஆறாம் இலக்கத்தைப் புதிய வகையாக வெளியிட அனுமதி கிடைத்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அறிக்கையில் யஹ்யாவின் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். தர்மராஜா குரலைத் தாழ்த்தினார். "செத்த ஆளின்ர பேரைப் போட்டா மற்றக் கமக்காரர் பயப்பிடுவினம். விடுங்கோ, அருந்ததி."
விட்டேன். கேக்கும் தின்றேன்.

ஏப்ரல் 26
புதிய பயிர்ப் பரீட்சைக்கு இடம் கேட்டுப் படிவம் வந்திருக்கிறது. பல்லேகமவைவிட நல்ல மண் இந்த மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. அந்தப் பெயருக்கு எதிரே 'தகுந்த காணி இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.