பொத்தான் இல்லாத சட்டைகள்

மார்ச் 4

என் தம்பியைக் கட்டிக்கொண்ட கண்ணாடிக்காரிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன் என்று உனக்குப் பயம்.

நேற்று போனில், "அக்கா, உங்ககிட்ட பேசினா என் பங்குப் பேச்சு எனக்குக் கிடைக்கவே மாட்டேங்குது. இனிமே எழுதுங்க, நானும் எழுதறேன்" என்று சொல்லி டக்கென்று வைத்துவிட்டாய். நான் அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் 'ம்' வராதபோதுதான் தெரிந்தது. கட்டிய புருஷன் இருந்திருந்தால் அவரும் இப்படித்தான் வைத்துவிட்டுப் போயிருப்பார். நல்லவேளை, ஒண்டிக்கட்டையாகவே இருந்துவிட்டேன்.

நீ உண்டாகியிருப்பதை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்னான் தம்பி. வைத்துக்கொண்டேன். என் தையல் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற பெண்ணிடம் மட்டும் சொன்னேன். அவள் எதிர் மருந்துக்கடையில் மட்டும் சொன்னாள். இப்போது தெருவில் உனக்காக யோசிக்காத ஆள் கிடையாது. ஒருத்தி அளவு கொடுத்துக்கொண்டே, "எம்.எஸ். இருக்கிறவளுக்கு எதுக்கு இந்த ஆசை?" என்றாள். அளவைச் சரியாகத்தான் எடுத்தேன். அவள் சட்டையில் அக்குளில் மட்டும் கொஞ்சம் பிடித்துத் தைத்துவிட்டேன். கை தூக்கும்போதெல்லாம் என்னை நினைக்கட்டும்.

ஆனாலும் எனக்கும் யோசனை உண்டே. எம்.எஸ். என்றால் நரம்பின் மேலுறை தேய்கிற வியாதி என்கிறார்கள். கை மரத்துப்போகிறது, கால் திடீரென்று சொன்ன பேச்சு கேட்பதில்லை. உன் புருஷனோ லிஃப்ட் மெக்கானிக். எவன் எந்த மாடியில் மாட்டிக்கொண்டாலும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவான். ஆகவே பிறந்ததும் குழந்தையை நான் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். நீ தேறும்வரை என்னிடம் வளரட்டும். என் கட்டிலை ஓரமாகத் தள்ளி, மரத்தொட்டில் ஒன்று வாங்கிப் போட்டாயிற்று. வேண்டாம் என்று சொல்லாதே.

கூடவே சட்டைகள் அனுப்பியிருக்கிறேன். முன்பக்கம் முழுக்கப் பொத்தான். ராஜா மாதிரி இருக்கும்.

உன் வாயாடி நாத்தனார்

—

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டைகள் வந்தன. இவ்வளவு அழகான தையலை எங்கள் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால்கூட நம்ப மாட்டார்கள்.

ஒரு சின்னத் தலையணைக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் பொத்தான்கள் மிளகு அளவு. என் விரல் நுனிகள் கையுறை போட்ட மாதிரி இருக்கின்றன. ஒரு பொத்தானைத் துளைக்குள் தள்ளுவதற்குள் தலையணைக்கே பசி எடுத்திருக்கும். முன்பு நான் பிரேமில் லென்ஸ் மாட்டுகிறவள். தூசி மாதிரி இருக்கும் திருகாணியைப் பார்க்காமலே முடுக்குவேன். இப்போது என்னைக் கண் பார்க்கிற நாற்காலி பக்கம் மாற்றிவிட்டார்கள். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறேன். என் வியாதியே கண்ணில்தான் ஆரம்பித்தது, தெரியுமா? ஒரு சிவப்பு பிரேமை எடுத்து, "ஒரு கண்ணுக்கு மட்டும் இது ஏன் வெளுத்துப்போன மாதிரி இருக்கு?" என்று நானே கேட்டேன். கடையில் எல்லாரும் பிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

இனி நீங்கள் போனில் சொல்லவிடாத விஷயம். நரம்பு டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் மருந்தை நிறுத்தினேன், அதற்குப் பிறகுதான் குழந்தை. வயிற்றில் இருக்கும்போது வியாதி பெரும்பாலும் அடங்கியிருக்குமாம். பிறந்த பிறகு முதல் சில மாதங்களில்தான் மறுபடி தலைதூக்கலாம். "என் பிள்ளைக்கும் வருமா?" என்று கேட்டேன். மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆனாலும் மிகச் சின்னது என்றார். பயம் எனக்கும் இருக்கிறது, அக்கா. தெருவில் இருப்பவர்கள் எனக்காகத் தனியாகப் பயப்பட வேண்டாம்.

'தேறும்வரை' என்று எழுதியிருக்கிறீர்கள். இது தேறிப்போய்விடுகிற வியாதி இல்லை. கொஞ்ச நாள் சும்மா இருக்கும், கொஞ்ச நாள் ஆட்டிவைக்கும். ஆகவே தேறும்வரை என்றால் எப்போதைக்கும் என்று அர்த்தம். யோசித்துத்தான் எழுதினீர்களா?

அம்மா வேலைக்கு ஆள் இருக்கிறது. அத்தை வேலைதான் காலி. அதற்கு வருவதானால் நாளைக்கே வாருங்கள். தூக்கிக்கொண்டு போவதற்கானால் வர வேண்டாம்.

கோபம் இல்லாமல்தான் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி மனைவி

—

ஏப்ரல் 30

கண்ணாடிக்காரிக்கு,

இத்தனை நாள் எழுதவில்லை. கோபமாக இருந்தேன். தம்பிக்குப் போன் போட்டு உன்னைப் பற்றிப் புலம்பித் தீர்த்தேன். 'ம்' என்றான். "அந்த 'ம்' யார் பக்கம்டா?" என்றேன். "அவ பக்கம்" என்றான். அவன் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை வந்ததே அதிசயம் என்பதால் போனை வைத்துவிட்டேன்.

ஆனால் அந்தக் கையுறை விஷயம் மட்டும் உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையை இரண்டு ஜோடியாக மாட்டிக்கொண்டேன். குழந்தைக்கு எங்கே போவது? ஒரு பூசணிக்காய் வாங்கினேன். கடை மேஜையில் படுக்கவைத்து, உனக்கு அனுப்பியது போக மிச்சமிருந்த சட்டை ஒன்றைப் போட்டேன். முதல் பொத்தானிலேயே வியர்த்துவிட்டது. இரண்டாவதில் காஜாப் பெண்ணைத் திட்டினேன். மூன்றாவது பொத்தானைப் பல்லால் கடித்து இழுத்தபோது, என் மருமகன் மாதிரி வளர வேண்டிய பூசணி மேஜையிலிருந்து உருண்டு இரண்டாகப் போயிற்று. அளவு கொடுக்க வந்தவள், "உங்ககிட்ட குழந்தையை விட்டா விளங்கிடும்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ராஜா மாதிரி இருக்கும் என்று எழுதினேனே, அந்த ராஜாவுக்கு உடுத்திவிடப்போகிற கை எப்படி இருக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே மிச்சமிருந்த எல்லாவற்றையும் பிரித்தேன். இந்தப் பார்சலில் இருப்பது புது மாதிரி. பொத்தான் கிடையாது, முடிச்சு கிடையாது. துண்டு போர்த்துகிற மாதிரி ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தின் மேல் மடித்து, இடுப்போரத்தில் அகலமான வெல்க்ரோ ஒட்டுப்பட்டையை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். சொரசொரப்பு உடம்பில் படாமல் உள்ளே துணி வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது பிடித்து இழுக்க ஒரு பெரிய நாக்கு. என் நாக்கு அளவுக்குப் பெரிது. கையுறையோடு ஒற்றைக் கையால் போட்டுப் பார்த்துவிட்டேன். இன்னொன்று, எதுவானாலும் தரையில் மெத்தை போட்டுச் செய். பூசணி சொல்லிக்கொடுத்த பாடம்.

தொட்டில் என் அறையிலேயே இருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை. சும்மா இருக்கட்டுமே. அதில் துணிமணி எதையும் போட்டு வைக்கவில்லை.

நாத்தனார்

—

நவம்பர் 11

அக்கா,

எழுதுவது உங்கள் தம்பி. சொல்வது நான். என் வலது கை இரண்டு நாளாக எழுத மறுக்கிறது, வலது காலும் அதோடு சேர்ந்துகொண்டது. பிறந்த பிறகு வரலாம் என்றார்களே, அது வந்துவிட்டது. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப்ஸில் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறேன். பெரும்பாலும் சரியாகும், எவ்வளவு சரியாகும் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள்.

குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறாள். உங்கள் சட்டைகள்தான் போடுகிறாள். நேற்று அவளைத் தூக்கப்போனேன், கை பாதியில் நின்றுவிட்டது. அவள் அழுகிறாள், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி. வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

(அவ சொன்னதை அப்படியே எழுதினேன். எனக்கு இதில் சம்மதம் இல்லை. வா. – தம்பி)

—

பிப்ரவரி 6

கண்ணாடிக்காரிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வெறுங்கையோடு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நேரில் நீ கேட்கவில்லை. நவம்பரில் நான் வந்தது எடுத்துக்கொண்டு போகத்தான். தொட்டிலைத் துடைத்து, புது விரிப்பு போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். வழியெல்லாம் அவளுக்கு என்னென்ன தைப்பது என்று யோசனை. உன் கடிதத்தைப் படித்து அழுதேன், அது நிஜம். அதற்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதுவும் நிஜம்.

வந்த மறுநாள் காலை உன் அறை வாசலில் நின்றேன். நீ பார்க்கவில்லை. தரையில் மெத்தை, நடுவில் அவள், பக்கத்தில் ஒருக்களித்து நீ. இடது கையால் சட்டையை மடித்தாய், ஒட்டுப்பட்டை நழுவியது. மறுபடி மடித்தாய். கடைசியில் பட்டையின் அந்தத் துணி நாக்கைப் பல்லால் கவ்விக்கொண்டு தலையைத் திருப்பி இழுத்து ஒட்டினாய். உன் தலைமுடி அவள் முகத்தில் விழுந்து அவளுக்கு ஒரே சிரிப்பு. எனக்குக் கை பரபரத்தது. "இங்கே குடு, நான் போடறேன்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவு தூரம் வந்த பேச்சை நான் விழுங்கியது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம், "எப்பக்கா கிளம்பறீங்க? அவளோட பையை எடுத்து வைக்கட்டுமா?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாய். "எந்தப் பை? நான் அத்தை வேலைக்கு வந்திருக்கேன். சாப்பாடு போட்டாப் போதும், சம்பளம் வேண்டாம்" என்றேன். நீ அழுததைத் தம்பியிடம் சொல்லவில்லை. அவன் அழுததை உன்னிடம் சொல்கிறேன்.

இத்தனை மாதத்தில் துணி துவைத்தேன், கஞ்சி வைத்தேன், உன் காலைப் பிடித்து நடக்கவைத்தேன், பேசியே உன்னைக் கொன்றேன். அவளை உன் மடியில் வைத்தேன், மடியிலிருந்து எடுத்தேன். மடிதான் உன்னுடையது. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாய். கைக்குப் பாதி தெம்பு வந்திருக்கிறது. மீதி வருமோ வராதோ. வராவிட்டால் இன்னொரு மாதிரி சட்டை தைக்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே லாரியில் ஒரு சாமான் வரும். தொட்டில்தான். ஒரு பக்கச் சட்டத்தைத் தச்சரை விட்டு அறுத்து எடுத்தாயிற்று. கட்டிலோடு ஒட்டிப் போட்டால் நீ தூக்காமலே அவளை உன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். அறுக்கும்போது நான் கடைக்குள் போய்விட்டேன். என் அறையில் தொட்டில் இருந்த இடத்தில் இப்போது பழைய தையல் மெஷினைப் போட்டிருக்கிறேன். அறை கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கிறது.

நான் வந்ததும் அக்குள் பிடித்த சட்டைக்காரி கேட்டாள், "குழந்தையைக் கூட்டிட்டு வரலையா?" என்று. "அதுக்கு அம்மா இருக்கா" என்றேன். அவள் சட்டையைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்.

இனிமேல் நீ எழுதினால் போதும், போன் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனை அவள் காதில் வை. குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

இப்படிக்கு,
அத்தை